இலை, புழு, பறவை: நஞ்சைப் பற்றி எழுதும் முறை



அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு வந்தவர் தம் தகுதியின்மையை முதலில் சொல்லிக்கொள்வது மரபு. அது அழைத்தவர்களின் தேர்வைக் குறை சொல்வதில் போய் முடியும் என்பதால் தவிர்க்கிறேன். யார் நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ அந்தப் பெரியவர் பருத்தி விளைவித்தவர். பருத்திக் காசில் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். பூச்சிமருந்தைப் பற்றிப் பேசுகிறேன் என்றபோது அவர் குடும்பத்தார் முகம் சுளிக்கவில்லை. அவர்களுக்கு என் நன்றி.

முன்வரிசையில் இருக்கும் என் துறை நண்பர்களுக்கு நான் என்ன பேசப்போகிறேன் என்பது பாதி தெரியும். பாடத்திட்டக் கூட்டத்தில் தொடங்கி, தேநீர் நேரங்களில் வளர்ந்து, ஒரு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் பாவம் மாணவரின் தலையில் விடிந்த சச்சரவு அது. அவர்கள் கட்சி இது: பூச்சிக்கொல்லியின் கேட்டை எழுதுகிறவர் வாசகரை உலுக்க வேண்டும், நெஞ்சு பதைத்தால் விழிப்பு தானாக வரும். என் கட்சி வேறு. நஞ்சு எங்கே புறப்பட்டது, எதற்குள் புகுந்தது, எங்கே போய்ச் சேர்ந்தது என்று அதன் வழியை எழுத வேண்டும். பதைபதைப்பு நிவாரணம் வாங்கித் தரும். அடுத்த டப்பாவின் மூடியைத் திருகுகிற கையை அது ஒரு கணம்கூட நிறுத்தாது.

வேடிக்கை என்னவென்றால், இரு தரப்பும் சாட்சிக்கு அழைப்பது ஒரே நூலை. ரேச்சல் கார்சனின் ‘மௌன வசந்தம்’.

கற்பனை ஊர்

1962 ஜூனில் நியூயார்க்கர் இதழில் மூன்று பகுதிகளாக வந்து, செப்டம்பரில் புத்தகமானது அது. முதல் அத்தியாயம் ஒரு கற்பனை ஊர். வசந்தம் வந்தும் பறவை கூவாத ஊர். கோழி அடைகாத்தும் குஞ்சு பொரிக்காத ஊர். இப்படி ஓர் ஊர் முழுமையாக எங்கும் இல்லை என்றும், இதில் ஒவ்வொன்றும் எங்காவது நடந்தது என்றும் ஆசிரியரே சொல்லிவிடுகிறார். மிகச் சிறிய அத்தியாயம். நம் வகுப்பறைகளில் கார்சன் என்றால் பெரும்பாலும் இதுதான். மீதி 16 அத்தியாயங்களை விட்டுவிட்டு இந்தச் சில பக்கங்களை நடத்திவிட்டு, இதுதான் அமெரிக்காவை எழுப்பியது என்று முடித்துவிடுகிறோம்.

புத்தகம் வந்த மறுமாதமே மான்சாண்டோ நிறுவனம் தன் இதழில் ஒரு நையாண்டியை வெளியிட்டது. பூச்சிக்கொல்லியே இல்லாமற்போன ஓராண்டில் நாடு எப்படிப் புழுவும் பூச்சியுமாக அழிகிறது என்று அதே கற்பனைப் பாணியில் எழுதினார்கள். கார்சனின் ஊருக்கு எதிராக இன்னோர் ஊர். இதற்குமேல் சான்று எதற்கு? கற்பனை அச்சத்துக்கு எதிர்க் கற்பனை அச்சத்தைக் கட்டுவது எளிது. ஆனால் எட்டாம் அத்தியாயத்தை அவர்களால் நையாண்டி செய்ய முடியவில்லை. மண்புழுவை எப்படிக் கேலி செய்வது?

முதல் அத்தியாயம் இல்லாவிட்டால் வாசகர் உள்ளேயே வந்திருக்க மாட்டார் என்று நண்பர் ஒருவர் சொல்வார். 1951இல் வந்த கார்சனின் கடல் நூல் விற்பனைப் பட்டியலில் ஒன்றரை ஆண்டுக்கும் மேல் நின்றது. அவருக்கு வாசகர்கள் ஏற்கெனவே வாசலில் காத்திருந்தார்கள்; அழைப்பு மணி தேவைப்படவில்லை. அதிபர் கென்னடியின் அறிவியல் ஆலோசனைக் குழு 1963 மே மாதம் அறிக்கை தந்து கார்சனின் பக்கம் பெருமளவு சாய்ந்ததே, அந்தக் குழு எதைச் சரிபார்த்திருக்கும்? கற்பனை ஊரைச் சரிபார்க்க முடியாது. நூலின் கடைசியில் 50 பக்கங்களுக்கு மேல் ஓடும் ஆதாரப் பட்டியலைச் சரிபார்க்கலாம்.

11 மண்புழுக்கள்

இனி எட்டாம் அத்தியாயம். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், அவைத் தலைவர் பொறுத்தருள வேண்டும்.

இடம் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம், ஈஸ்ட் லான்சிங். தொழிற்சாலையும் இல்லை, வயலும் இல்லை. நம்முடையதைப் போல ஒரு வளாகம். நிழலுக்கு எல்ம் மரங்கள். ஒரு பூஞ்சை அந்த மரங்களைக் கொன்றுகொண்டிருந்தது. பூஞ்சையை மரத்துக்கு மரம் சுமந்தது பட்டைக்குள் குடையும் ஒரு வண்டு. வண்டைக் கொன்றால் மரம் பிழைக்கும் என்ற கணக்கில் 1954இல் டிடிடி என்ற பூச்சிக்கொல்லியைத் தெளிக்கத் தொடங்கினார்கள். நோக்கத்தில் குற்றமில்லை. மரத்தைக் காப்பாற்ற நினைத்தவர்கள்தாம் அவர்கள். எட்டாம் அத்தியாயத்தில் வில்லனே கிடையாது.

முதல் ஆண்டில் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வசந்தத்தில் தெற்கிலிருந்து ராபின் பறவைகள் வழக்கம்போலத் திரும்பி வந்தன. ராபின் என்பது நம் ஊர்ப் பூங்குருவியின் உறவு. புல்தரையில் தத்தித் தத்தி நின்று தலையைச் சாய்த்து மண்புழுவை இழுக்கும். அந்த மக்களுக்கு அதன் வருகைதான் குளிர்காலம் முடிந்ததற்கு அடையாளம். வந்த பறவைகள் சமநிலை தவறி, நடுங்கி, வலிப்பு வந்து விழுந்தன. செத்தவற்றின் இடத்துக்குப் புதியவை வந்தன, அவையும் விழுந்தன.

ஜார்ஜ் வாலஸ் என்ற பறவையியல் பேராசிரியர் இதைக் கவனித்தார். முதலில் அவர் நரம்பு நோயோ என்றுதான் ஐயப்பட்டார். கார்சன் அந்தத் தவறான ஊகத்தை மறைக்கவில்லை. வாலஸுடன் சேர்த்து நம்மையும் அந்த முட்டுச்சந்துக்குள் அனுப்புகிறார். மரத்தில் தெளித்த மருந்து தரையில் மேயும் பறவையை எப்படித் தொட்டது? தெளிப்பு முடிந்து மாதக்கணக்கான பின் வந்த பறவையை எப்படிக் கொன்றது? தெளித்தவர்களும் இதையேதான் கேட்டார்கள். எங்கள் மருந்து பறவைக்குத் தீங்கில்லை என்றார்கள். தெளிக்கும்போது நின்று பார்த்தவர்கள் பொய் சொல்லவில்லை. அன்று எந்தப் பறவையும் சாகவில்லை.

விடை ஆய்வுக்கூடத்தில், வேறு வேலையின் நடுவே கிடைத்தது. ஏதோ ஆராய்ச்சிக்காக வளர்த்த நன்னீர் இறால்களுக்கு வளாகத்து மண்புழுக்களைப் போட்டார்கள். இறால்கள் அத்தனையும் செத்தன. கூண்டிலிருந்த பாம்புக்கு அதே புழுக்களைக் கொடுத்தார்கள். பாம்பு நடுங்கத் தொடங்கியது. இதைப் படிக்கும்போது வாசகருக்குப் புரிந்துவிடுகிறது. கார்சன் இன்னும் சொல்லவில்லை, வாசகர் முந்திக்கொள்கிறார். வாசகர் தாமே ஒரு பத்தி முன்னால் போய் நிற்கும் அந்த இடத்துக்குத்தான் நான் விழிப்புணர்வு என்று பெயர் வைப்பேன்.

பிறகு இல்லினாய்ஸைச் சேர்ந்த ராய் பார்க்கரின் ஆய்வு வருகிறது. வசந்தத்திலும் கோடையிலும் தெளித்த டிடிடி எல்ம் இலைமேல் படலமாக ஒட்டிக்கொள்கிறது, மழைக்கும் போவதில்லை. இலையுதிர் காலத்தில் இலைகள் விழுந்து மக்குகின்றன. எல்ம் சருகு மண்புழுவுக்குப் பிடித்தமான தீனி. சருகோடு படலத்தையும் தின்ற புழுக்கள் சில செத்தன. பிழைத்தவை தம் உடலில் நஞ்சைச் சேர்த்து வைத்துக்கொண்டன. வசந்தத்தில் ராபின் வந்தது. பெரிய புழுக்களாக 11 தின்றால் போதும், ஒரு ராபின் சாக. அத்தனையை அது சில நிமிடங்களில் தின்றுவிடும்.

11 என்ற இந்த எண்ணை நண்பர்கள் மனத்தில் நிறுத்த வேண்டும். பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று சொல்லும் கணக்கும் நூலெங்கும் உண்டு. யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. 11 புழு என்பதை விரல்விட்டு எண்ணிவிட்டு ஒரு விரல் கடன் வாங்கினால் முடிந்தது. ஒரு பறவையின் காலைச் சாப்பாட்டை அளவுகோலாக்கியிருக்கிறார் அந்த ஆய்வாளர். அதைக் கண்டெடுத்து உரிய இடத்தில் வைத்தவர் கார்சன். பறவையின் வேதனைக்கு அவர் கொடுத்த இடம் மிகக் குறைவு. இலைக்குக் கொடுத்தது அதைவிட அதிகம்.

புகைப்படம் இருக்க எழுத்து எதற்கு என்று கேட்கிற மாணவர்களுக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. தெளித்த நாளுக்கும் செத்த நாளுக்கும் நடுவே ஓர் இலையுதிர் காலம், ஒரு பனிக்காலம். எந்தக் கேமராவும் இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவராது. தெளிப்பவர் சாவைப் பார்ப்பதில்லை. சாவைப் பார்ப்பவர் தெளிப்பைப் பார்த்திருக்க மாட்டார். நடுவில் கிடக்கும் அந்த மாதங்களைக் கோத்துக் காட்டுவது வாக்கியத்தால் மட்டுமே ஆகிற வேலை.

கார்சன் டிடிடியை அடியோடு தடைசெய்யச் சொல்லி மலேரியாவுக்கு வழிவிட்டார் என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். அவர் அப்படிக் கேட்கவே இல்லை. கண்மூடித்தனமாகத் தெளித்தால் கொசுவுக்கு எதிர்ப்புத்திறன் வந்து மருந்தே பயனற்றுப்போகும் என்றுதான் எச்சரித்தார். 1972இல் அமெரிக்கா தடைசெய்தது பெரும்பாலும் வேளாண் பயன்பாட்டை. டிடிடிக்கென்றே 1954இல் தொடங்கப்பட்ட நம் அரசு நிறுவனம் பல பத்தாண்டுகள் அதைத் தயாரித்துக்கொண்டுதான் இருந்தது. வழியைப் படிக்காமல் முதல் அத்தியாயத்தை மட்டும் படித்தால் ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் ஒரே தவறைச் செய்வார்கள்.

பாலிடால்

தமிழுக்கு வருகிறேன். நம் கதைகளிலும் சினிமாவிலும் பூச்சிமருந்துக்குப் பஞ்சமில்லை. கடன்பட்ட விவசாயி, காதலில் தோற்ற பெண், மாமியார் கொடுமை. கடைசிக் காட்சியில் பாலிடால் பாட்டில். வாசகர் அழுகிறார். ஆனால் அந்தப் பாட்டில் வீட்டுப் பரணுக்கு எப்படி வந்தது, குடிப்பதற்கு முந்தைய வாரம் எந்தப் பாத்தியில் அடித்தார்கள், மிச்சம் எந்த வாய்க்காலில் கழுவப்பட்டது என்று நம் எழுத்தாளர்கள் கேட்பது அரிது. நஞ்சு நமக்குக் கதையின் முடிவாக இருக்கிறது, கதையாக இருப்பதில்லை.

பாலிடாலில் இருந்த பாரத்தியான், 1958இல் கேரளத்தில் 100 பேருக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. யாரும் தற்கொலை செய்துகொள்ளவில்லை. மாவும் பூச்சிமருந்தும் ஒன்றாகச் சரக்கேறி வந்தன, மாவில் கசிந்தது, மக்கள் சமைத்துச் சாப்பிட்டார்கள். அதன் பிறகு நடந்த விசாரணைகளின் வழியேதான் 1968இன் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. 2013இல் பீகாரின் சரண் மாவட்டத்தில் 23 பள்ளிப் பிள்ளைகள் மதிய உணவு சாப்பிட்டுச் செத்தார்கள். எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ். பூச்சிமருந்து இருந்த டப்பாவில் எண்ணெய் வைத்திருந்ததாகச் சொல்லப்பட்டது. 55 ஆண்டு இடைவெளியில் அதே வழி: சாப்பாட்டுப் பொருளும் நஞ்சும் ஒரே இடத்தில். செய்திகளில் தலைமையாசிரியையின் கைது பெரிதாகவும் காலி டப்பா சிறிதாகவும் வந்தது.

காசர்கோடு

நண்பர்களின் வலுவான வாதம் கேரளத்தின் காசர்கோடு. ஒத்துக்கொள்கிறேன், இது எனக்குச் சுலபமில்லாத இடம்.

1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை அங்கே அரசு முந்திரித் தோட்டங்களில் தேயிலைக் கொசுவைக் கொல்ல ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் தெளித்தார்கள். பெரிய தலையும் ஒடுங்கிய உடலுமாகப் பாயில் கிடந்த பிள்ளைகளின் படங்கள் நாட்டையே அதிரவைத்தன. அம்பிகாசுதன் மாங்காடு 2009இல் ‘என்மகஜெ’ நாவலை எழுதினார். 2011இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலில் எண்டோசல்பான் சேர்ந்தது. அதே ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2017 ஜனவரியில் பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 லட்சம் தரச் சொன்னது. இதெல்லாம் கண்ணீரின் வெற்றி இல்லையா என்கிறார்கள்.

வெற்றிதான். ஆனால் படங்களுக்கு முன்னால் வேறு எழுத்து இருந்தது. பண்ணைப் பத்திரிகையாளர் ஸ்ரீ பத்ரே 1979 வாக்கிலேயே கால் கோணிப் பிறந்த கன்றுகளைக் குறித்துவைத்தார். மருத்துவர் மோகன குமார் தன்னிடம் வரும் நோயாளிகளின் வீடுகள் எங்கே இருக்கின்றன, எந்த நீரைக் குடிக்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினார். அந்த மலைகளில் கிணறு செங்குத்தாக இருக்காது. சரிவில் கிடைமட்டமாகக் குடைந்த சுரங்கத்திலிருந்து நீர் கசிந்து வாசலுக்கு வரும். மேலே தோட்டம், கீழே சுரங்கம், வாசலில் குடம். வழி அங்கேயே இருந்தது. வேளாண் துறையில் உதவியாளராக இருந்த லீலாகுமாரி அம்மா 1998இல் நீதிமன்றம் போனது தன் வீட்டின் மேல் தெளிக்கப்பட்டதை வைத்து.

அந்த வழி எழுதப்பட்டது கொஞ்சம். முகம் எழுதப்பட்டது அதிகம். அதனால்தான் நோய்க்கும் மருந்துக்கும் தொடர்பில்லை என்று சொல்கிறவர்களுக்கு இன்றுவரை இடம் கிடைக்கிறது. மக்கள் மனத்தில் பதிந்தது எண்டோசல்பான் என்ற ஒற்றைப் பெயர். பூச்சிமருந்துக் கடையில் அந்தப் பெயர் மறைந்தது. அதே அலமாரியில் அடுத்த பெயர் வந்தது. வாங்கியவருக்கு உறுத்தவில்லை.

இனிச் செய்யக்கூடியவை

நேரம் கடந்துவிட்டது. சிலவற்றைச் சொல்லி நிறுத்துகிறேன்.

மருந்து டப்பாவின் லேபிளை ஓர் எழுத்து வகையாகப் படிக்க வேண்டும். 1971 விதிகளின்படி அதில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்கள் நஞ்சின் கடுமையைக் காட்டுகின்றன. உள்ளே மடித்து வைத்த தாளில் பல மொழிகளில் எறும்பெழுத்து. அந்தத் தமிழை யார் எழுதுகிறார்கள், வயலில் நிற்பவர் அதை எந்த அளவு படிக்கிறார் என்பது மொழியியல் துறைக்கே உரிய வேலை. முதுகலை ஆய்வேடு அளவுக்கேனும் யாராவது எடுக்கலாம்.

கூலிக்கு மருந்தடிக்கிறவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்ய வேண்டும். காற்று எந்தப் பக்கம், டேங்க் எங்கே ஒழுகும், முதுகில் எந்த இடம் எரியும் என்பது அவர்களுக்குத் தெரியும். நாட்டார் வழக்காற்றியல் நண்பர்கள் தாலாட்டையும் ஒப்பாரியையும் சற்று ஒதுக்கிவைத்தால் நல்லது.

மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005இல் தடை. பருத்திக்கு அடிக்கலாம் என்று அப்போது விட்டார்கள். பருத்திக்கு வாங்கிய பாட்டில் பக்கத்துக் கத்தரிப் பாத்திக்குப் போகும் அந்தப் பத்தடி தூரத்தைப் பற்றி ஒரு நல்ல கட்டுரை வந்ததாக நினைவில்லை.

பசுமைப் புரட்சிக் கால வானொலி வேளாண் நிகழ்ச்சிகள், வேளாண் இதழ்களின் விளம்பரப் பக்கங்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதழ்களைக் கட்டியவர்கள் பல நூலகங்களில் விளம்பரப் பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கட்டியிருக்கிறார்கள். கிழிக்காத தொகுதிகள் எங்கே இருக்கின்றன என்ற பட்டியலையாவது துறை இந்த ஆண்டே தொடங்கலாம். எட்டாம் அத்தியாயத்தைப் பாடத்தில் சேர்ப்பது பற்றி அடுத்த பாடத்திட்டக் கூட்டத்தில் பேசுவோம்.