கிராமத்து வண்டிகளும் மின்னேற்றமும்

உத்தரப் பிரதேசத்திலோ பீஹாரிலோ ஒரு சிறிய ரயில் நிலையத்தில் இறங்கி வெளியே வருவோர் முதலில் காண்பது மின்சார ரிக்ஷாக்களின் வரிசையைத்தான். வங்காளத்தில் இவற்றை 'டோட்டோ' என்று அழைக்கிறார்கள். மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் இவை ஓடலாகாது என்பது விதி. அந்த வேகத்திலேயே சந்தைக்குப் போகும் காய்கறிக் கூடைகளையும், பள்ளிக்குப் போகும் குழந்தைகளையும், ஆஸ்பத்திரிக்குப் போகும் தாய்மாரையும் ஏற்றிச் செல்கின்றன. பொழுது சாய்ந்து கடைகள் அடைத்த பிறகு இந்த வண்டிகள் எங்கே போகின்றன? இன்று நான் சொல்ல வந்த விஷயம் இந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.

சில வண்டிகள் ஓட்டுநரின் வீட்டு வாசலில் நிற்கின்றன. ஜன்னல் வழியாக ஒரு கம்பி வெளியே வந்து வண்டியின் அடியில் மறைகிறது. வேறு சில, வாடகைக் கொட்டகைகளில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ஈய அமில பாட்டரி நான்கினை நிரப்ப எட்டு முதல் பத்து மணி நேரம் பிடிக்கும். லித்தியம் பாட்டரிக்கு மாறியவர்களுக்கு நேரம் குறைவு; ஆனால் மாறுவதற்கு முதல் வேண்டுமே! கொட்டகைக்காரருக்கு இரவுக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட வேண்டியதுதான். எத்தனை யூனிட் ஏறியது என்று ஓட்டுநருக்குத் தெரியாது, சொல்வாருமில்லை. மின்கம்பியில் கொக்கி மாட்டுவோரும் உண்டு. அதில் போகும் உயிர்களைப் பற்றி நாம் பத்திரிகையில் படிக்கிறோம்.

மின்சார வண்டிகளுக்கான திட்டங்கள் தீட்டப்பட்டபோது இந்தக் கொட்டகை எவர் கண்ணிலும் படவில்லை. மத்திய மின்சார அமைச்சகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், நகரங்களில் மூன்று கிலோமீட்டருக்கு மூன்று கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒரு மின்னேற்று நிலையமும், நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒரு நிலையமும் வேண்டும் என்று கூறப்பட்டது. நகரத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் அளவு கிடைத்தது. நெடுஞ்சாலையை விட்டு விலகி உள்ளே ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிராமத்துக்கு எந்த அளவும் கிடைக்கவில்லை. வழிப்பயணியின் காருக்கு வேண்டிய நிலையமும், கிராமத்து வண்டிக்கு வேண்டிய வசதியும் ஒன்றல்ல. முன்னது பாதி வழியில் அரை மணி நின்று போவது; பின்னது இரவெல்லாம் ஓரிடத்தில் படுத்துக் கிடப்பது.

ஆகவே கிராமத்தில் ஐம்பது கிலோவாட் வேக மின்னேற்றி ஒன்றை நிறுவி, மாலை போட்டுப் படம் எடுத்துக்கொள்வது வீண் செலவு என்றே கருதுகிறேன். ரிக்ஷாவும் ஸ்கூட்டரும் அதனைப் பயன்படுத்தவே இயலாது. ஒரு மின்சார ஸ்கூட்டருக்கு மூன்று யூனிட் அளவில் போதும். வீட்டில் உள்ள 15 ஆம்பியர் பிளக்கே அதற்குத் தக்கது.

அப்படியானால் இடையூறு எங்கே? ஊர்க்கோடியில் கம்பத்தின்மீது அமர்ந்திருக்கும் டிரான்ஸ்பார்மரில் இருக்கிறது. சிறிய கிராமங்களில் 25 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் சாதாரணமாகக் காணப்படுவது. மின்னேற்றும்போது ஒரு ரிக்ஷா ஏறத்தாழ ஒரு கிலோவாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இருபது ரிக்ஷாக்கள் மாலை ஏழு மணிக்கு ஒன்றாக இணைக்கப்பட்டால், அந்த டிரான்ஸ்பார்மரின் சக்தி முழுவதும் அவற்றுக்கே சரியாகிவிடும். அதே நேரத்தில்தான் ஊரெங்கும் விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது. டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனால் வண்டி வைத்திராதவர் வீடும் இருளில் மூழ்கும். மாற்று டிரான்ஸ்பார்மர் வரும்வரை பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை யாரை நொந்துகொள்ளும்?

இந்தக் கணக்கைத் தலைநகரிலிருந்து போட முடியாது. எந்தத் தெருவில் எத்தனை வண்டி, எந்தக் கொட்டகையில் எத்தனை, அடுத்த அறுவடைக்குப் பின் யார் யார் வாங்கப் போகிறார்கள் என்பதெல்லாம் பஞ்சாயத்து உறுப்பினருக்கு விரல் நுனியில் இருக்கும். அரசியல் சட்டமும் அவர்களை மறந்துவிடவில்லை. 1993-இல் அமலுக்கு வந்த 73-ஆவது திருத்தத்தின்படி சேர்க்கப்பட்ட பதினோராவது அட்டவணையின் 29 விஷயங்களில், மின்விநியோகம் உள்ளிட்ட கிராம மின்மயமாக்கமும் ஒன்று. ஆனால் அட்டவணையில் இருப்பது வேறு, கையில் இருப்பது வேறு. கம்பியும் டிரான்ஸ்பார்மரும் மின்விநியோக நிறுவனத்தின் உடைமை. தெருவிளக்குக் கட்டணத்தையே பாக்கி வைத்திருக்கும் பஞ்சாயத்து, அந்நிறுவனத்திடம் புதிதாக ஒன்று கேட்கச் சற்றுக் கூசத்தான் செய்யும்.

இருந்தும் கேட்பதற்கு வழி உண்டு. மின்னேற்றிக் கொடுப்பது மின்சார விற்பனை ஆகாது, அது ஒரு சேவையே, அதற்கு லைசென்ஸ் தேவையில்லை என்று மத்திய அரசு 2018 ஏப்ரலில் தெளிவுபடுத்திவிட்டது. எனவே பஞ்சாயத்தோ, பால் கூட்டுறவுச் சங்கமோ, மகளிர் சுயஉதவிக் குழுவோ ஒரு கொட்டகையை நடத்தத் தடையில்லை. வாகன மின்னேற்றத்துக்குத் தனி இணைப்புப் பெறும் உரிமையை 2024-இல் திருத்தப்பட்ட நுகர்வோர் உரிமை விதிகள் வழங்குகின்றன. கேரளத்தில் மாநில மின்வாரியம் 2021-இல் கோழிக்கோட்டில் மின்கம்பங்களிலேயே மின்னேற்றும் கருவிகளைப் பொருத்தி, ஆட்டோக்களுக்கும் இரு சக்கர வண்டிகளுக்கும் வசதி செய்து, பின்னர் அதனை மாநிலமெங்கும் பரப்பியது. கம்பம் ஏற்கெனவே நிற்கிறது. புதிதாக நிலம் தேட வேண்டியதில்லை.

கிராம அபிவிருத்தித் திட்டம் தயாராகும்போது முதலில் எழுத வேண்டியது கருவியின் விலை அன்று, வண்டிகளின் தொகை. அடுத்து, எந்த டிரான்ஸ்பார்மரில் எவ்வளவு இடம் மிஞ்சியிருக்கிறது என்று லைன்மேனைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பாதி வண்டிகளை இரவு பதினொன்றுக்குப் பிறகு இணைப்பது என்று ஓட்டுநர்கள் தமக்குள் முறை வைத்துக்கொண்டால், புதிய டிரான்ஸ்பார்மரின் தேவையைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடலாம். பகலில் சூரிய ஒளி மின்சாரம் மலிவு என்பது உண்மையே. ஆனால் பகலில் நிற்கும் ரிக்ஷா சம்பாதிப்பதில்லை. சந்தை ஓய்ந்த நண்பகல் இரண்டு மணி நேரத்தைத்தான் அதற்கு ஒதுக்க முடியும். அந்த இடமும் சந்தைத் திடலை ஒட்டியே இருக்க வேண்டும்.

கொட்டகை என்றால் கூரை மட்டும் போதாது. ஈய அமில பாட்டரியில் மின்னேறும்போது தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். காற்றோட்டம் கட்டாயம் தேவை. தரையில் மழைநீர் நிற்கலாகாது. எர்த் இணைப்பும், மின்கசிவு நேர்ந்த கணமே மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனமும், வண்டிக்கு ஒரு மீட்டரும் வேண்டும். தான் கொடுக்கும் காசுக்கு எத்தனை யூனிட் என்று ஓட்டுநர் கண்ணால் காணட்டும்.

பணம் எங்கிருந்து வரும்? நிதிக் குழுவின் மானியத்தில் பெரும் பகுதி குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று ஒதுக்கப்பட்டே வந்தது. மிஞ்சியதில் தெருவுக்கும் சாக்கடைக்கும் போட்டியுண்டு. ஆதலால் டிரான்ஸ்பார்மரை மின்விநியோக நிறுவனம் மாற்றித் தர வேண்டும், கொட்டகையைப் பஞ்சாயத்து கட்ட வேண்டும், அன்றாடச் செலவை வண்டிக்காரர் கட்டணத்தால் ஈடு செய்ய வேண்டும் என்று பிரித்துக்கொள்வதே நியாயமாகத் தோன்றுகிறது. அந்தத் தீர்மானத்தைக் கிராம சபை நிறைவேற்றும் நாளில், கொட்டகையில் வண்டி நிறுத்தும் ஓட்டுநர்களும் அங்கே வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். கூட்டத்தைப் பகல் பதினொரு மணிக்கு வைத்தால் அவர்கள் வர இயலாது. அது சவாரி நேரம்.