பழைய மொபெட் திக்கித் திக்கி ஓடினால்

(உழவர் நாள் விழாவில் ஆற்றிய உரை)



1980-இல் வெளிவந்த டி.வி.எஸ். 50-உம், அதன் வழிவந்த இரண்டு ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். வண்டிகளும் இன்றும் பால் கேனும் உர மூட்டையும் சுமக்கின்றன. இவற்றைப் பழையதாக வாங்கியவர்கள், என்ஜின் திக்கினால் உடனே கார்புரேட்டர் திருகைத் திருப்புகிறார்கள். இலை மஞ்சளானதும் காரணம் பாராமல் யூரியா இடுவது போன்றது இது.

முதலில் சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, சூடு ஆறியபின் பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள். காப்பித்தூள் நிறமானால் கலவை சரி. கறுத்துப் பிசுபிசுத்தால் ஆயில் அதிகம், அல்லது ஏர் பில்டர் அடைத்திருக்கும். களத்துத் தூசியில் ஓடும் வண்டிக்கு இது அடிக்கடி நேரும்.

வெளுத்திருந்தால்தான் கவலை. பெட்ரோல் குறைந்தோ காற்று மிகுந்தோ போகிறது. என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, கார்புரேட்டரும் சிலிண்டரும் சேரும் இடத்தில் சிறிது தண்ணீர் தெளியுங்கள். ஓசை மாறினால் காஸ்கெட் வழியே காற்று புகுகிறது, அதை மாற்றிவிடுங்கள். சில ரூபாய்ச் செலவுதான். கவனியாமல் பாரம் ஏற்றினால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். பிறகு சிலிண்டர் போரிங் வரை போக நேரிடும்.

இன்றைய பெட்ரோலில் 20 சதம் வரை எத்தனால் உண்டு. நம் கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் கிடைப்பதுதான் என்றாலும், அது ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாயையும் கெடுக்கும். ஆகவே மழைக்காலத்தில் பல வாரம் நின்ற வண்டியில், டேங்கை வடித்துப் புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள். ஆயிலைக் கண்மதிப்பில் ஊற்றாமல் அளந்தே கலக்குங்கள்.