முதுமை என்று ஒதுக்காதீர்



நம் சேலம், நாமக்கல் சமவெளியில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கியும் கடலைக்காட்டில் களையெடுத்தும் நம்மை ஆளாக்கினார்கள் நம் அன்னையர். அவர்கள் ஓய்ந்து அமர்ந்தால், “வயதாகிவிட்டது” என்று கூறி இருந்துவிடுகிறோம். யாமும் அப்பிழையைச் செய்தோம். எம் அன்னையார் எழுபது வயதிற்குமேல் பேச்சுக் குறைந்து, கோடையிலும் போர்வை கேட்டு, மறதியும் மலச்சிக்கலுமாகத் திண்ணையிலேயே கிடந்தார்கள். ஈராண்டு கழித்தே மருத்துவர் ஒருவர் இரத்தத்தைச் சோதிக்கச் செய்தார். தைராய்டு சுரப்பி குன்றியிருந்தது. பட்டம் பெற்ற எமக்கு அது தோன்றவில்லையே என்பது இன்றும் உறுத்துகின்றது.

கழுத்தின் முன்புறமுள்ள இச்சுரப்பியின் நீரே உடலின் வேகத்தை நடத்துகின்றது. அது குறைந்தால் எல்லாம் மந்தமாகும். மிகுந்தால் உடல் மெலியும், நெஞ்சு படபடக்கும், நாடி தாறுமாறாகும். முதியோரிடம் சிலவேளை சோர்வு மட்டுமே தோன்றும். ஆதலால் முதுமை எது, நோய் எது என்று கண்ணால் பிரித்தறிதல் அரிது. டி.எஸ்.எச். என்னும் இரத்தச் சோதனை அதனைக் காட்டும்.

“மரவள்ளி தின்றதால் வந்ததோ?” என்று அண்டை வீட்டார் வினவினர். அயோடின் குறைந்த நிலத்தில், சரிவரப் பக்குவம் செய்யாத மரவள்ளியே அன்றாட உணவானால் கழுத்துக் கழலை வரக்கூடும். இன்றைய காங்கோ நாட்டில் 1970களில் நடந்த ஆய்வுகள் இதனைக் காட்டின. அயோடின் உப்புச் சேர்த்து, நன்கு வேகவைத்து உண்போர் அஞ்ச வேண்டியதில்லை. முதியோர்க்குப் பெரும்பாலும் உடலின் காப்பாற்றலே சுரப்பியைத் தாக்குவதால் குறைவு நேர்கிறது. அதனை உப்பு மட்டும் தீர்க்காது.

மருந்து எளியது. தைராக்சின் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் உட்கொள்ள வேண்டும். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். முதியோரின் இதயத்தைக் கருதி மருத்துவர் சிறிய அளவிலேயே தொடங்குவார். தாமே கூட்டுவதும் நிறுத்துவதும் தீங்கு. சோதனையில் சிறு மாறுதல் கண்ட எல்லோருக்கும் மாத்திரை வேண்டுமென்பதில்லை. 65 வயது கடந்தோரிடம் ஐரோப்பாவில் நடந்து 2017இல் வெளிவந்த ஆய்வு, இலேசான குறைவுக்கு மருந்து கொடுத்தும் சோர்வு நீங்கவில்லை என்றே கண்டது. எனவே முடிவு மருத்துவருடையதாகட்டும்.

மருந்து தொடங்கிய சில திங்களில் எம் அன்னையார் பேரப்பிள்ளைகளை மீண்டும் பெயர் சொல்லி அழைத்தார்கள்.

இளைஞர்களே! நம் அன்னையர் எழுத்தறியாதவர்கள். ஆயினும் நம்மைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, மருந்துச் சீட்டை வாசித்துச் சொல்லுங்கள். நாம் கற்ற கல்வி முதலில் அந்தத் திண்ணைக்குப் பயன்படட்டும்.