கண் பெற்ற சாலையும் கரை இழந்த சாலையும்

(அறிவியற் சொற்பொழிவு ஒன்றன் எழுத்து வடிவம்)



மணிக்கு அறுபது கல் விரைவில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மகிழுந்தின் பொறி திடுமென ஓய்ந்துவிடுகின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் என்ன செய்வார்? வண்டியில் எஞ்சியிருக்கும் ஓட்டத்தைக் கொண்டே அதனை ஓரத்திற்கு ஒதுக்குவார். ஒதுக்குவதற்கு ஓரமே இல்லையாயின்? பின்னால் சரக்குந்துகள் வரிசை வரிசையாக வந்துகொண்டிருக்குமாயின்? இவ்வெளிய வினாவிற்கு நிறைவான விடை காணாமலே ஓர் அரசு நெடுந்தொலைவிற்குச் சாலை சமைத்தது. அது பிரித்தானிய அரசு. பொறித்திறத்தில் எவர்க்கும் பின்னிடாத நாட்டில் இது நிகழ்ந்ததாகலின், விரித்துக் கூறுதல் தகும்.

அந்நாட்டின் முதல் விரைவுச்சாலை 1958-ஆம் ஆண்டு திசம்பர் 5-ஆம் நாள், பிரசுடன் நகரை ஒட்டி, எட்டுக் கல் நீளத்தில் திறக்கப்பெற்றது. திறந்துவைத்தவர் அன்றைய தலைமையமைச்சர் மாக்மில்லன். மறு ஆண்டிலேயே இலண்டனிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் எம்.1 என்னும் பெருஞ்சாலையின் முதற்பகுதியும் திறக்கப்பெற்றது. ஊர்திகள் பெருகப் பெருக, இத்தகைய சாலைகளின் இடப்புறத்தே, ஊர்தி செல்லாத ஒரு தடம் வெறுமையாக விடப்படுதல் வழக்கமாயிற்று. பழுதுற்ற வண்டி ஒதுங்கவும், மருத்துவ ஊர்தியும் காவல் ஊர்தியும் நெரிசலைக் கடந்து விரையவும் அத்தடம் உதவும். ஆங்கிலேயர் அதனைச் சாலையின் 'தோள்' என்பர். தமிழில் 'ஒதுங்குகரை' என்பது பொருந்தும். ஆற்றில் தத்தளிப்பவன் நாடுவதும் கரையைத்தானே!

ஊர்திகளின் தொகை ஏற ஏறச் சாலைகள் திணறின. அகலப்படுத்தலாமெனின் நிலம் வேண்டும், பாலங்களையெல்லாம் இடித்துக் கட்டவேண்டும், பொருட்செலவோ மலையளவு. எனவே, இருக்கின்ற சாலையையே அறிவோடு ஆள்வது எப்படி என்று பொறிஞர் எண்ணலாயினர். அவ்வெண்ணம் தவறன்று. அதன் முற்பகுதி மிகச் சிறந்த எண்ணம் என்றே கூறவேண்டும்.

சாலை நெரிசலை ஆற்றுவெள்ளத்திற்கு ஒப்பிடுவது பலர் வழக்கம். அவ்வொப்புமை பாதிதான் பொருந்தும். மடைவாயில் நீரை மிகுதியாக நெருக்கினால் அது மேலும் விரைந்து பாயும். ஊர்திகளை நெருக்கினாலோ அவை நின்றுவிடும். நீருக்கு அச்சமில்லை, ஊர்தியோட்டிக்கு உண்டு. முன்வண்டி சற்றே தயங்கினால் பின்னவர் சிறிது மிகுதியாகவே தடுப்பை அழுத்துவார். அவருக்குப் பின்னவர் இன்னும் மிகுதியாக. இருபதாம் வண்டி முற்றிலும் நின்றேவிடும். நேர்ச்சியும் இல்லை, பழுதும் இல்லை, ஆயினும் நெரிசல்! இதனைச் சப்பானிய அறிஞர் 2008-இல் ஆய்ந்து வெளிப்படுத்தினர். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப்பாதையில் 22 மகிழுந்துகளை விட்டு, எல்லாரும் மணிக்கு 30 கிலோமீட்டர் விரைவில் ஒரே சீராகச் செல்லுமாறு கூறினர். எத்தடையும் இல்லாத அவ்வட்டத்திலேயே சிறிது நேரத்தில் தேக்கம் தோன்றி, ஊர்திகள் செல்லும் திசைக்கு எதிர்த்திசையில் அலைபோல் பின்னோக்கி நகரலாயிற்று. அலைக்கு உள்ளே புகுபவர் நிற்பர், வெளியேறுபவர் விரைவர். எதற்காக நின்றோம் என்பது ஒருவர்க்கும் விளங்காது.

இவ்வலையை எழவிடாமல் தடுக்கும் வழி, தேங்குமிடத்திற்கு வெகு தொலைவிற்கு முன்பே ஊர்திகளை ஒரே சீராக மெல்லச் செலுத்துவதாகும். விரைவைக் குறைத்தால் விரைவில் சென்று சேரலாம் என்பது கேட்பதற்கு முரணாகத் தோன்றும், ஆயினும் மெய். 1995-ஆம் ஆண்டில் இலண்டனைச் சூழ்ந்து செல்லும் எம்.25 வட்டச்சாலையின் ஒரு பகுதியில் இம்முறை நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு தடத்தின் அடியிலும் ஏறத்தாழ 500 மீட்டருக்கு ஓரிடத்தில் கம்பிச் சுருள்கள் புதைக்கப்பெற்றன. சுருளில் மின்னோட்டம் சென்றுகொண்டிருக்கும். இரும்பாலான ஊர்தி அதன் மேலே கடக்கும்போது மின்காந்த நிலை மாறும். இரண்டு சுருள்களை அடுத்தடுத்து வைத்தால், ஒன்றைக் கடந்து மற்றொன்றை அடையும் காலத்தைக்கொண்டு ஊர்தியின் விரைவும் நீளமும் தெரிந்துவிடும். கணிப்பொறி இவற்றைத் தொகுத்து நோக்கி, தேக்கம் எழப்போகின்றது என்று அறிந்தவுடன், சாலைக்குக் குறுக்கே நிற்கும் இரும்புச் சட்டகங்களில் 60, 50, 40 என விரைவின் வரம்பை ஒளிரச் செய்யும். ஒரு தடத்தில் இடையூறு இருப்பின், அத்தடத்திற்கு மேலே சிவப்புப் பெருக்கற்குறி தோன்றும். அதன் கீழே எவரும் செல்லலாகாது.

இப்பொறியமைப்பிற்கு ஆங்கில முதலெழுத்துகளைக் கூட்டி 'மைடாசு' என்று பெயரிட்டனர். தொட்டதெல்லாம் பொன்னாக்கிய கிரேக்கக் கதைமன்னனின் பெயரும் அதுவே. அம்மன்னன் உண்ணத் தொட்ட உணவும் பொன்னாகிப் பட்டினி கிடந்த கதையைப் பெயரிட்டவர்கள் அவ்வேளையில் நினைத்திலர் போலும்.

சுருள் அறிவது எதனை என்பதை இங்கு ஊன்றி நோக்குதல் வேண்டும். ஓடும் ஊர்தியை அது அறியும். திரளான ஊர்திகள் தேங்குவதையும் அறியும். நள்ளிரவில், போக்குவரத்துக் குறைந்த வேளையில், இரு சுருள்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் தனியொரு மகிழுந்து விளக்கணைந்து நின்றுவிட்டால், சுருளுக்கு அது தெரியாது. காண்பது மாந்தக் கண்ணாகத்தான் இருக்கவேண்டும். ஒதுங்குகரை இருந்தவரை இக்குறை பெரிதாகத் தோன்றவில்லை.

அடுத்த அடி 2006-ஆம் ஆண்டு செப்டம்பரில் எடுத்துவைக்கப்பட்டது. பர்மிங்காம் நகரை அடுத்த எம்.42 சாலையில் ஏறத்தாழ 17 கிலோமீட்டர்த் தொலைவிற்கு, நெரிசல் வேளைகளில் மட்டும் ஒதுங்குகரையையும் ஒரு தடமாகத் திறந்துவிடும் வெள்ளோட்டம் தொடங்கிற்று. இதனை மிகுந்த விழிப்போடு செய்தனர். ஏறத்தாழ 500 மீட்டருக்கு ஒன்றாகப் புகலிடங்கள் அமைத்து, அவற்றில் தொலைப்பேசியும் வைத்தனர். கரையைத் திறக்குமுன், அதில் எவ்வண்டியும் நிற்கவில்லை என்பதைக் கட்டுப்பாட்டறையினர் படக்கருவிகளின் வழியே இடம் இடமாகப் பார்த்து உறுதி செய்தனர். கரை திறந்திருக்கும்போது விரைவின் உச்சவரம்பு 50 கல். பயன் கண்கூடாக விளைந்தது. மூன்றாண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, மக்கள் காயமுற்ற நேர்ச்சிகள் பாதிக்கும் மேலாகக் குறைந்திருந்தன.

இங்கேதான் தவறு புகுந்தது. வெற்றி பெற்ற அமைப்பைப் பரப்பும்போது, அதனை வெற்றியாக்கிய உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கரையைத் திறப்பதும் மூடுவதும் ஓட்டுநர்க்குக் குழப்பம் என்றனர். எனவே கரை எப்போதும் தடமாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தனர். சட்டகங்கள் நெருக்கமாக நிற்பது செலவு என்றனர், அவை விலகின. புகலிடங்களின் இடைவெளி இரண்டரைக் கிலோமீட்டர் வரை நீண்டது. இப்புது வடிவம் 2014-இல் எம்.25 சாலையில் தொடங்கிப் பிற சாலைகளுக்கும் பரவிற்று. கேட்டவர்க்கெல்லாம் சான்றாகக் காட்டப்பட்டதோ எம்.42! வெள்ளோட்டம் விட்டது ஒரு கலம்; கடலில் இறக்கியது வேறொரு கலம். நாடாளுமன்றத்தின் போக்குவரத்துக் குழு இவ்வேறுபாட்டை 2016-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டி, இவ்வடிவத்தை ஏற்க இயலாது என்று கூறிற்று. அரசு செவிசாய்க்கவில்லை.

இவ்வகைச் சாலைகளுக்கு ஆங்கிலத்தில் வழங்கிய அடைமொழி 'சூட்டிகையான' என்னும் பொருளது. அவ்வாங்கிலச் சொல்லுக்கே சுரீரென எரிந்து வலித்தல் என்னும் பொருளும் உண்டு. தமிழிலும், ஒலியளவிலேனும், சூட்டிகைக்குள் சூடு ஒளிந்துதான் இருக்கின்றது. ஊர்ப்புறத்தில் குழந்தையின் செயலைக் கண்ட பின்னரே 'சூட்டிகையான பிள்ளை' என்பார்கள். இங்கோ பிறந்த அன்றே பெயர் சூட்டிவிட்டனர்.

நின்றுவிட்ட ஊர்தியைக் கண்டறியக் கருவி இல்லையா எனின், இருந்தது. ரேடார் என உலகம் வழங்கும் கதுவீதான் அது. இருளிலும் மூடுபனியிலும் அலைகளை வீசி, எதிர்வரும் அலையைக்கொண்டு நிற்கும் பொருளை உணர வல்லது. எம்.25 சாலையின் சில பகுதிகளில் அதனை அமைத்தும் பார்த்தனர். ஆயினும் பிற சாலைகள் அது இன்றியே திறக்கப்பெற்றன. அத்தகைய பகுதிகளில், நின்ற ஊர்தியைக் கட்டுப்பாட்டறையினர் கண்டறிய நிரவலாக 17 மணித்துளி ஆயிற்று என்று நெடுஞ்சாலை நிறுவனத்தின் 2016-ஆம் ஆண்டு அறிக்கையே கூறிற்று. ஒரு தடத்தில் மணிக்கு ஆயிரம் ஊர்திகள் வருவதாகக் கொள்ளுங்கள். 17 மணித்துளியில் 280-க்கு மேற்பட்ட ஊர்திகள் அவ்விடத்திற்கு வந்துசேரும். அவ்வளவு பேரும் கண்விழிப்போடு விலகிச் செல்லவேண்டும். ஒருவர் தவறினாலும் போதும். மணிக்கு 56 கல் விரைவில் வரும் சரக்குந்து ஒரு நொடியில் 25 மீட்டர் கடக்கின்றது.

2019-ஆம் ஆண்டு சூன் திங்களில், செபீல்டு நகரையடுத்த எம்.1 சாலையில் இரண்டு ஊர்திகள் சிறிதளவு உரசிக்கொண்டன. ஓட்டுநர் இருவரும் இறங்கி, முகவரி முதலியவற்றை ஒருவர்க்கொருவர் கொடுத்துக்கொள்ள நின்றனர். அவர்கள் நின்ற இடம், முன்பு ஒதுங்குகரையாக இருந்து பின்பு தடமாக்கப்பட்டது. பின்னால் வந்த சரக்குந்து மோதி இருவரும் மாண்டனர். சரக்குந்தை ஓட்டியவர் சிறைக்குச் சென்றார். இறப்பை உசாவிய அலுவலர் 2021 சனவரியில் தம் முடிவைக் கூறினார்: ஓட்டியவரின் கவனமின்மையே தலையாய கரணியம், ஆயினும் ஒதுங்குகரை இல்லாமையும் இச்சாவிற்குத் துணை நின்றது, இச்சாலைகளால் இனியும் சாவுகள் நேரக்கூடும். அவர் தனி ஒருவரைச் சுட்டியதோடு நில்லாமல் சாலையையும் சுட்டியது பெரிதும் பேசப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே பி.பி.சி. நிறுவனம், ஐந்தாண்டுகளில் இவ்வகைச் சாலைகளில் 38 பேர் இறந்தனர் என்று வெளிப்படுத்தியிருந்தது. கணவரை இழந்தோரும் மக்களை இழந்தோரும் வீதிக்கு வந்து வழக்காடினர்.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. ஒதுங்குகரையும் முழுக் காவலன்று. விரைவுச்சாலை இறப்புகளில் பன்னிரண்டில் ஒன்று அக்கரையிலேயே நேர்ந்தது என்று அலுவலர்கள் எடுத்துக்காட்டினர். 2020 மார்ச்சில் அரசு வெளியிட்ட ஆய்வும் இருபுறமும் பேசிற்று. பெரும்பாலான அளவைகளில் இச்சாலைகள் மற்றவற்றிற்கு இணையாகவோ மேலாகவோ உள்ளன. ஓடும் ஊர்தி நிற்கும் ஊர்தியின்மேல் மோதும் இடர் மட்டும் இவற்றில் கூடுதல் என்பது அதன் முடிவு. சீரான விரைவால் சில உயிர்கள் காக்கப்பட்டன. கரை இல்லாமையால் சில உயிர்கள் போயின. கூட்டிக்கழித்தால் இழப்பில்லை என்று கணக்கர் கூறலாம். காக்கப்பட்டவர் எவரெனத் தெரியாது. போனவர்க்கோ பெயரும் வீடும் உண்டு. அன்றியும், கரையை எடுக்காமலே விரைவைச் சீராக்கலாம் என்பதை எம்.25 சாலை 1995-இலேயே காட்டிவிட்டது. ஒன்றன் ஊதியத்தை மற்றொன்றன் இழப்பிற்கு ஈடு கட்டியது கணக்கில் செய்த சூழ்ச்சியே.

அதன்பின் கதுவீயை எல்லாப் பகுதிகளிலும் விரைந்து நிறுவினர். 2022 செப்டம்பருக்குள் பணி முடிந்தது. அவ்வாண்டு திசம்பரில் சாலைப் பணிகளை மேற்பார்க்கும் அலுவலகம், கதுவீயின் செயல் எதிர்பார்த்த அளவை எட்டவில்லை என்று அறிவித்தது. நின்ற வண்டி சிலவற்றைக் காணாது விட்டது. இல்லாத வண்டியை இருப்பதாகவும் கூறிற்று. பின்னது சிறுகுறை போலத் தோன்றும். அன்று! பொய்க்குறி கண்டு கண்டு சலித்த ஓட்டுநர் மெய்க்குறியையும் மதியார். சிவப்புப் பெருக்கற்குறியை மீறுவோரைப் படக்கருவியால் கண்டு தண்டம் விதிக்க 2019 சூனில் தனிச்சட்டமே தேவைப்பட்டது. ஒளிப்பலகையை மக்கள் நம்பினால்தான் அவ்வமைப்பு முழுவதும் நிற்கும்.

2022 சனவரியில், ஐந்தாண்டுப் பாதுகாப்புக் கணக்கு கிடைக்கும்வரை புதிய சாலைகளை இவ்வாறு மாற்றுவது நிறுத்திவைக்கப்பட்டது. 2023 ஏப்பிரலில் தலைமையமைச்சர் இரிசி சுனாக்கின் அரசு, செலவையும் மக்கள் நம்பிக்கை இழந்தமையையும் காட்டி, எஞ்சிய 14 திட்டங்களையும் கைவிட்டது. பெரும்பகுதி முடிந்திருந்த இரண்டு பணிகள் மட்டும் நிறைவு செய்யப்பட்டன. முன்பே அமைந்தவை அப்படியே நின்றன. கரையைத் திரும்பத் தருவதற்கு மாறாக, 2025-க்குள் 150-க்கு மேற்பட்ட புகலிடங்களைக் கூடுதலாக அமைக்கத் திட்டமிட்டு, 90 கோடிப் பவுண்டுத் தொகையில் அதற்கும் பங்கு ஒதுக்கினர். புகலிடங்களின் தளம் தொலைவிலிருந்தே தெரியுமாறு செம்மஞ்சள் நிறத்தில் அமைக்கப்படுகின்றது.

அச்சாலைகளில் செல்வோர்க்கு நெடுஞ்சாலை நிறுவனம் வழங்கிவரும் அறிவுரை இது: வண்டியில் பழுது தோன்றினால் அடுத்த புகலிடம்வரை ஓட்ட முயலுக. இயலாதாயின் இடக்கோடித் தடத்தில் ஒதுங்கி, இடர்விளக்குகளை எரியவிடுக. இடப்புறக் கதவின் வழியே இறங்கி, தடுப்புக்கு அப்பால் செல்க. அதற்கும் இயலாதாயின், இருக்கைவாரை அவிழ்க்காமல் உள்ளேயே இருந்து, 999 என்னும் எண்ணுக்குத் தொலைப்பேசுக.