கதவுக்கு வர்ணம் பூசுமுன்

மழை ஓய்ந்து தீபாவளி நெருங்கும்போது, தில்லியில் வாழும் நம்மவர் இல்லங்களில் இரண்டு பேச்சுகள் எழுவதுண்டு. ஒன்று, ஊருக்குப் போய்வர ரயில் டிக்கெட். மற்றது, வெளுத்துப்போன கதவு ஜன்னல்களுக்கு வர்ணம். முன்னதில் நாம் ஆலோசனை கூறுவதற்கில்லை. பின்னதற்கு ஐப்பசியே ஏற்ற காலம் என்பதை முதலிலேயே கூறிவிடலாம்.

வைகாசி, ஆனியில் 'ஆந்தி' எனும் புழுதிக் காற்று ஈர வர்ணத்தின்மீது மண்ணை அப்பிவிடும். ஆடி, ஆவணியில் மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பியிருக்கும். அப்போது பூசிய வர்ணம் பின்னர்க் கொப்புளித்து உரியும். மார்கழி, தை மாதங்களின் மூடுபனியிலோ எனாமல் எளிதில் உலராது. மழைக்காலத்தில் கதவு இறுகிற்றென்று தச்சரை அழைத்து இழைப்புளியால் சீவச் சொல்வோரும் உளர். அவசரம் வேண்டாம். மரம் உலர்ந்ததும் தானே சுருங்கும். சீவிவிட்ட இடைவெளி வழியே தை மாதத்துக் குளிர்காற்று நுழையும். கதவு உப்புவதற்குப் பெருங்காரணம், அதன் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் எவரும் வர்ணம் பூசாமல் விடுவதே. கண்ணுக்குத் தெரியாத அவ்விடங்களிலேதான் மரம் மிகுதியாக நீரைக் குடிக்கிறது.

இனி, பழைய பூச்சைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். வீட்டு வர்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து லட்சம் பங்குக்கு 90 பங்கை மிஞ்சலாகாது என்ற விதிகள் நம் நாட்டில் 2016ஆம் ஆண்டில் வெளியாகி, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன. ஆகவே, பழைய குடியிருப்புகளின் கதவுகளில் அடுக்கடுக்காகப் படிந்துள்ள பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். அதைக் காய்ந்த நிலையில் தேய்த்தால் எழும் தூசி குழந்தைகளின் மூளையைத் தாக்கும். கருவுற்ற பெண்களுக்கும் தீங்கு. எனவே, பற்றி நிற்கும் பூச்சைச் சுரண்டவே வேண்டாம். உரிந்த பகுதியை மட்டும் நீரால் நனைத்து, 'வாட்டர் பேப்பர்' கொண்டு ஈரமாகவே தேய்க்கலாம். அவ்வேளையில் பிள்ளைகளை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுவது நலம். துகள்களைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். தீக்கொழுந்து காட்டிப் பூச்சை எரித்தெடுக்கும் வழக்கமும் இங்குண்டு; அதன் புகையிலும் ஈயம் இருக்கலாமாதலால் அதை அறவே விலக்குக.

பூச்சில்லாப் புதுமரமாயின் உலர்ந்த உப்புத்தாளே போதும். ஆனால் இங்குள்ள கடைக்காரரிடம் உப்புத்தாள் என்றால் விளங்காது. 'ரேக்மால்' என்று கேட்கவேண்டும். பாரசீகத்தில் 'ரேக்' என்பது மணல். வடவர் அத்தாளில் மணலைக் கண்டனர். நாம் உப்பைக் கண்டோம்! மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டோர்க்கு இத்தகைய சொற்களில் ஆசை மிகுதி, பொறுத்தருள்க. முதலில் 80ஆம் எண், பிறகு 120, முடிவில் 180 என்ற வரிசையில், மர இழை ஓடும் திசையிலேயே தேய்க்கவேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் வர்ணத்தின் அடியிலும் தெரியும்.

தேவதாரு, பைன் மரங்களின் கணுக்களிலிருந்து பிசின் கசிந்து மேற்பூச்சில் பழுப்புக் கறையாகப் படரும். கடைகளில் 'சப்டா' எனப்படும் அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் கரைத்துக் கணுக்களின்மீது இருமுறை தடவினால் கறை அடங்கும்.

அதன்பின் பிரைமர். வெடிப்புகளை அடைக்கும் மக்கு அதற்கு அடுத்ததே. வெறும் மரத்தில் மக்கை வைத்தால் அதிலுள்ள எண்ணெயை மரம் உறிஞ்சிக்கொள்ளும். மக்கு காய்ந்து உதிரும். கூலியாட்கள் நேரத்தை மிச்சப்படுத்த இவ்வரிசையை மாற்றுவதுண்டு. அருகில் நின்று கவனித்தல் நன்று. மக்கு இறுகியதும் இலேசாகத் தேய்த்துத் துடைத்து, எனாமலை மெல்லியதாக இருமுறை பூசலாம். இரண்டுக்கும் இடையே ஒரு முழுநாள் தேவை.

ஆளிவிதை எண்ணெய் துடைத்த கந்தைகளைச் சுருட்டி மூலையில் எறியலாகாது. அவ்வெண்ணெய் காற்றோடு கூடித் தானே வெப்பங்கொண்டு தீப்பற்றக்கூடும். அவற்றை விரித்து, வெளியில் ஒவ்வொன்றாக உலர்த்தி, நன்கு காய்ந்து விறைத்தபின் குப்பையில் சேர்க்கவும்.