கட்டுச்சோறும் கேள்வியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆகஸ்டு மாதம் நெருங்கினால் நம் மாஹிம் வீடுகளில் ஒரு காட்சியைக் காண்கிறோம். கூடத்தின் நடுவே பெட்டி திறந்து கிடக்கும். தாய் பருப்புப் பொடியை வைப்பார். மகன் அதனை எடுத்துவிட்டுப் புத்தகத்தை வைப்பான். தந்தையோ, எடை 23 கிலோவைத் தாண்டலாகாது என்று தராசும் கையுமாக நிற்பார். எதை வைப்பது, எதை விடுப்பது என்ற வழக்கு நள்ளிரவு வரை தீராது.

இவ்வழக்கு விமானம் வந்தபின் தோன்றியதன்று. கப்பலில் சென்றோர் காலத்திலேயே இருந்தது. அவர்களுள் மூவரை இன்று நினைவுகூர விழைகிறோம்.

முதலாமவர் காந்தியடிகள். 1888 செப்டம்பர் 4ஆம் நாள் இதே பம்பாய்த் துறைமுகத்திலிருந்து சட்டம் பயிலப் புறப்பட்டபோது அவருக்கு வயது 18. மூன்று வாரப் பயணத்திற்கென இனிப்புகளும் பழங்களும் கட்டிக்கொண்டு சென்றார். கப்பலில் புலால் கலவாத உணவு எதுவென்று கேட்க நாணி, பெரும்பாலும் கொண்டுசென்றதையே உண்டு காலங்கழித்தார். கரையிறங்கும் நாளுக்கென்று வெண்ணிறக் கம்பளி உடையொன்றைக் காத்து வைத்திருந்தார். செப்டம்பர் இறுதியில் அதனை அணிந்து இறங்கியபோது, அவ்வாறு வெள்ளுடை தரித்தவர் தாம் ஒருவரே என்று கண்டு கூசினார். மாற்றுடை இருந்த பெட்டியும் திறவுகோலும் முகவரிடம் சென்றுவிட்டிருந்தன! இவற்றையெல்லாம் பின்னர்த் தம் சுயசரிதையில் அவரே எழுதியுள்ளார்.

இரண்டாமவர் கணித மேதை இராமானுஜன். 1914 மார்ச்சு 17ஆம் நாள் ‘நெவாசா’ என்னும் கப்பலில் சென்னையிலிருந்து புறப்பட்டார். கேம்பிரிட்ஜில் குளிரால் உறக்கமின்றித் தவித்தார். நண்பர் மகலனோபிஸ் அவர் அறைக்குச் சென்று பார்த்தார். படுக்கையில் கம்பளிகள் இழுத்துச் செருகப்பட்டிருந்தன. அவற்றின் உள்ளே நுழைந்து உறங்க வேண்டுமென்பதை அறியாமல், இராமானுஜன் அவற்றின் மீதே மேலங்கியுடன் படுத்திருந்தார்! கம்பளிக்குக் குறைவில்லை, கேட்கத்தான் நா எழவில்லை. 1917இல் நோயுற்ற அவர், 1919 மார்ச்சு மாதம் மெலிந்த உடலுடன் இப்பம்பாய்க் கரையில் வந்திறங்கினார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் 32 வயதிலேயே மறைந்தார்.

மூன்றாமவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, அரசாங்க உதவித்தொகை பெற்று, 1930 ஜூலை 31ஆம் நாள் பம்பாயிலிருந்து ‘பில்ஸ்னா’ என்னும் கப்பலில் ஏறினார். வயது 19. வீட்டில் அன்னை நோயுற்றிருந்தார். மகன் தயங்கினான், போய் வா என்று அனுப்பியவர் அவ்வன்னையே. மறு ஆண்டு அவர் காலமானார். தாயும் மகனும் மீண்டும் சந்திக்கவில்லை.

அந்த இளைஞர் தம்முடன் கொண்டுசென்றது ஒரு வினா. எரிந்து தீர்ந்த விண்மீன்கள் அனைத்தும் வெண்குறுமீன்களாகச் சுருங்கி அமைதியுறும் என்று அறிஞர் கருதிய காலம் அது. அவற்றினுள் எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கி விரையுமாயின் யாது நிகழும்? கப்பலிலேயே கணக்கிட்டார். ஓர் எல்லைக்கு மேற்பட்ட நிறையுடைய விண்மீன் அவ்வாறு அமைதியுற இயலாது என்ற விடை கிடைத்தது. அவ்வெல்லை கதிரவனின் நிறையைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு என்று இன்று கொள்ளப்படுகிறது. 1935இல் பேரறிஞர் எடிங்டன் அவையறிய அதனை எள்ளினார். சந்திரசேகர் தம் முடிவைக் கைவிடவில்லை. 1983இல் நோபெல் பரிசு அவரை நாடி வந்தது.

அன்பர்களே! இம்மூவர் வரலாற்றிலும் நாம் காண்பது யாது? உணவைக் கேட்க நாணினால் கட்டுச்சோறே கதி; வழக்கத்தைக் கேட்க நாணினால் கம்பளியிருந்தும் குளிரே கதி; கேட்கத் துணிந்தாலோ விண்மீனும் விடை கூறும். நம் மொழியில் ‘கேள்வி’ என்பது வினாவையும் குறிக்கும், கேட்டுப் பெறும் அறிவையும் குறிக்கும். கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார்.

இளைஞர்களே! பருப்புப் பொடியைத் தடுக்காதீர்கள். அது தாயின் மனம். அதனுடன் கேட்கும் துணிவையும் வைத்துக்கொள்ளுங்கள். பாடம் விளங்கவில்லையெனில் கேளுங்கள். உடல் நலமில்லையெனில், பணம் தீர்ந்ததெனில், நெஞ்சம் சோர்ந்ததெனில், வீட்டார் வருந்துவர் என்று மறைக்காதீர்கள், உதவி கேளுங்கள்.

பெற்றோர்களே! தொலைபேசியில் நாம் நாள்தோறும் ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்கிறோம். ‘சாப்பிட்டேன்’ என்ற விடையும் தவறாது வருகிறது. அதற்கு மேலும் ஒரு கேள்வி கேட்போம். கேட்டபின், சினமின்றி அவர்கள் சொல்வதைச் செவிமடுப்போம்.

கேட்கும் துணிவுக்கு எந்தத் தராசிலும் எடையில்லை. அதனை எடுத்துச் செல்லும் நம் பிள்ளைகள் எக்கரை சேர்ந்தாலும் நலமே வாழ்வார்கள் என்று வாழ்த்தி அமைகிறோம்.