நிறுவும்போது நின்றுபோனால்

(கணினிப் பயிற்சி முகாம் ஒன்றில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



எங்கள் பள்ளிக் கணினி அறையில் பழைய கணினிகளில் டெபியன் லினக்ஸை நிறுவினோம். ஒன்று மட்டும் பாதியில் நின்றுபோனது. அன்றே மின்னஞ்சல் அனுப்பினேன்: "நிறுவ முடியவில்லை. சரிசெய்து தாருங்கள்."

பதிலாகக் கேள்விகள்தான் வந்தன. எந்தப் பதிப்பு? எந்தக் கணினி? எந்தப் படியில் நின்றது? திரையில் என்ன இருந்தது? ஒன்றுக்கும் என்னிடம் விடையில்லை. "கணக்கு வரல சார்" என்று வந்து நிற்கும் பிள்ளையிடம், "எந்தப் படியில் வரல?" என்று தினமும் கேட்பவன் நான்!

மறுமுறை ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியை நோட்டுடன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். முதலில் நிறுவல் மெனுவிலேயே இருக்கும் சோதனையை ஓட்டி, பென்டிரைவில் உள்ள பிரதி பழுதில்லை என்று உறுதிசெய்தோம். (பல நேரம் குற்றம் அங்கேதான் இருக்கும்.) பிறகு நிறுவத் தொடங்கினோம். அதே இடத்தில் நின்றது. திரையைப் படம் பிடித்தோம். அதே மெனுவின் வழியாகப் பதிவுக் கோப்புகளையும் இன்னொரு பென்டிரைவில் சேமித்தோம்.

நிறுவல் பற்றித் தெரிவிக்க டெபியனில் ஒரு படிவம் உண்டு. நெட்வொர்க் கார்டு, ஹார்டு டிஸ்க், வட்டைப் பிரித்தல், அடிப்படை அமைப்பு, பூட் லோடர் என்று வரிசையாகப் பெட்டிகள். சரியாக நடந்தால் ‘ஓ’, பிழையானால் ‘இ’, செய்து பார்க்காவிட்டால் காலியாக விட வேண்டும். எல்லாம் நல்லபடியாக முடிந்தாலும் எழுதச் சொல்கிறார்கள்; எந்தக் கணினியில் ஓடுகிறது என்பதும் அவர்களுக்குத் தேவை.

எங்களுடையது அடிப்படை அமைப்பில் நின்றது. அதற்கு ‘இ’ போட்டேன். அடுத்து பூட் லோடருக்கும் ‘இ’ போட்டேன்.

"சார், அங்க நாம போகவே இல்லையே?" என்றாள்.

தேர்வுக்கு வராத பிள்ளைக்கு நாம் பூஜ்யம் போடுவதில்லை. அழித்தேன். அந்த ‘இ’ அப்படியே போயிருந்தால், பழுதில்லாத ஒன்றில் யாரோ பழுது தேடி உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னொன்று. அங்கே பதிவாகும் பிழைக் கடிதங்களை உலகில் யாரும் படிக்கலாம். அனுப்பியவர் முகவரியும் தெரியும். அதனால் மாணவர் பெயர் எதையும் அதில் எழுதவில்லை.

கடிதம் அனுப்பியதும் எங்கள் பிழைக்கு ஓர் எண் வந்தது. அதை அவள் கரும்பலகையின் மூலையில் எழுதி, கீழே ‘அழிக்காதீர்கள்’ என்று போட்டாள். சில நாளில் மறுபடி ஒரு கேள்வி வந்தது. இம்முறை நோட்டைப் புரட்டி அவளே விடை சொன்னாள். நான் தட்டச்சு செய்தேன்.